குதிரைப் பந்தயமும் ஜாக்கிகளின் தண்டனையும்

கிணத்துக்கடவிலிருந்து தோழர் ஒருவர் நமக்கு ஒரு கடிதம் எழுதியிருக்கிறார். பணம் வாங்கிக்கொண்டு குதிரையை வேண்டுமென்றே தோற்க விட்டதாகக் குற்றஞ்சாட்டப்படும் ஜாக்கிகளை, குற்றம் ருசுவாவதற்கு முன்பே பந்தயச் சங்கத்தார் சவாரியிலிருந்து விலக்கி வைக்கிறார்களே, இது நியாயமா? இப்படி விலக்குவதால் குதிரைப் பந்தயம் யோக்கியமாகிவிடுமா? என்று கேட்கிறார். அதோடு, “தக்காளிச் சந்தையும் தென்னந்தோப்பும் உள்ள நமது ஊருக்குக் குதிரைப் பந்தயத்தைப்பற்றி என்ன கவலை என்று சிலர் சிரிக்கிறார்கள்; அவர்களுக்கும் சேர்த்துப் பதில் எழுதவேண்டும்” என்றும் கேட்டிருக்கிறார்.

சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். கோயமுத்தூருக்குப் போகிறவர்கள் ரேஸ் கோர்ஸ் என்ற இடத்தைப் பார்க்காமல் வருவதில்லை. வெள்ளைக்காரன் குதிரை விட்ட இடத்தில் இன்று காலையும் மாலையும் சர்க்கரை வியாதிக்காரர்கள் நடக்கிறார்கள். குதிரை போய்விட்டது, பெயர் நிற்கிறது. பெயர் மாத்திரமா நிற்கிறது? பந்தயம் கட்டுகிற புத்தியும் கூடவே நிற்கிறது. முன்பு பணம் கட்ட மைதானத்துக்குப் போகவேண்டும். இன்றைக்குச் சட்டைப் பையில் செல்போன் இருந்தால் போதும். ஆதலால் இது கிணத்துக்கடவுக்காரனுக்கும் சொந்தமான சங்கதிதான்.

முதலில் நமது அபிப்பிராயத்தை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறோம். குதிரைப் பந்தயத்தின்மேல் பணம் கட்டுவது சூதாட்டம், அது ஒழியவேண்டியது. இதில் நமக்கு இரண்டாவது அபிப்பிராயம் கிடையாது. ஆனால், ஒரு தொழில் கெட்ட தொழில் என்பதற்காக அதில் கூலிக்கு உழைப்பவனுக்கு நியாயம் மறுக்கலாம் என்று சொல்வோமானால், நமக்கும் மனுதர்மக்காரர்களுக்கும் என்ன வித்தியாசம்? ஆகவே பந்தயம் ஒழியவேண்டும் என்பது ஒரு விஷயம். ஒழிகிறவரையில் ஜாக்கிக்கு நியாயம் வேண்டும் என்பது மற்றொரு விஷயம். இரண்டையும் தனித்தனியே பார்ப்போம்.

ஜாக்கி என்பவன் யார்?

குதிரை ஒரு தனவந்தருடையது. அதைப் பழக்குகிறவர் வேறொருவர். லாயத்தில் சாணி வாருகிறவனும் உடம்பு தேய்க்கிறவனும் கூலிக்காரர்கள். பந்தய நாளில் அதன்மேல் ஏறி உட்கார்ந்து இரண்டு மூன்று நிமிஷம் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓட்டுகிறவன் ஜாக்கி. அவன் உடம்பின் எடை ஏறிவிடக்கூடாது என்று வயிற்றைக் கட்டுகிறவன். விழுந்தால் எலும்பு முறிகிறவன். அவனுக்குக் கிடைப்பது சவாரிக் கூலியும், குதிரை ஜெயித்தால் பரிசில் ஒரு சிறு பங்கும்தான். பந்தயத்தில் பணம் கட்ட அவனுக்கு உரிமை கிடையாது.

இப்பொழுது வாசகர்கள் ஒரு கணக்குப் பார்க்கவேண்டும். ஒரு குதிரை தோற்றால் யாருக்கு லாபம்? முன்னெல்லாம் ஜெயிக்கும் என்று கட்டினால்தான் பணம். ஒரு குதிரையை ஜெயிக்க வைப்பது கஷ்டம். பத்துக் குதிரைகளில் மற்ற ஒன்பதையும் விலைக்கு வாங்கவேண்டும். ஆனால், 2000ம் வருஷத்துக்குப் பிறகு சீமையில் வந்த இன்டர்நெட் பந்தயச் சந்தைகளில், இந்தக் குதிரை தோற்கும் என்றும் யார் வேண்டுமானாலும் பணம் கட்டலாம் என்றாயிற்று. தோற்கவைப்பதற்கு ஒரே ஒரு கை போதும். கடிவாளத்தைக் கொஞ்சம் இழுத்துப் பிடித்தால் ஆயிற்று. புறப்படும்போது அரை நொடி தாமதித்தால் ஆயிற்று. மற்றக் குதிரைகளுக்கு நடுவில் மாட்டிக்கொண்டால் ஆயிற்று. இதைவிட இன்னொரு வழியும் உண்டு. நன்றாக ஓடும் குதிரைக்கு அதிக பாரமும், சுமாராக ஓடும் குதிரைக்குக் குறைந்த பாரமும் வைப்பது பந்தயத்தின் விதி. ஆகவே, நல்ல குதிரையை நாலு தடவை சோம்பேறியாக ஓடவிட்டுப் பாரத்தைக் குறைத்துக்கொண்டு, ஐந்தாம் தடவை அதன்மேல் பெருந்தொகை கட்டி ஜெயிக்கலாம். இந்தத் தந்திரத்தில் லாபம் யாருக்கு? பணம் கட்டினவனுக்கும், கட்டச் சொன்னவனுக்கும். கடிவாளம் பிடித்தவனுக்கு என்ன? எஜமானன் சொன்னபடி கேட்டால் அடுத்த வாரமும் சவாரி, கேட்காவிட்டால் வீடு.

அதற்காக ஜாக்கிகளெல்லாம் உத்தமர்கள் என்று நாம் சொல்ல வரவில்லை. காசுக்குக் கை நீட்டினவர்களும் இருக்கிறார்கள். நாம் சொல்வதெல்லாம், இந்தக் களவில் கடைசிக் கை ஜாக்கியின் கை. முதல் கை வேறு எங்கோ இருக்கிறது என்பதுதான்.

சீமையில் நடந்த சங்கதி

இந்த விஷயத்தில் உலகமறிந்த வழக்கு ஒன்று இங்கிலாந்தில் நடந்தது. கீரன் ஃபாலன் என்ற ஐரிஷ்காரர் அந்நாட்டில் ஆறு வருஷம் முதல் ஜாக்கியாக விளங்கினவர். 2002 டிசம்பர் முதல் 2004 ஆகஸ்டு வரை நடந்த 27 பந்தயங்களில் குதிரைகளைத் தோற்க விடுவதற்குச் சதி செய்ததாக அவர்மீதும், இன்னும் இரண்டு ஜாக்கிகள்மீதும், வேறு சிலர்மீதும் 2006 ஜூலையில் போலீசார் குற்றஞ்சாட்டினார்கள். சாட்டின சில நாட்களுக்குள் பந்தய அதிகாரிகள் அந்த மூன்று ஜாக்கிகளும் இங்கிலாந்தில் குதிரை ஏறக்கூடாது என்று தடை போட்டுவிட்டார்கள்.

இதில் ஒரு வேடிக்கையைக் கவனியுங்கள். இங்கிலாந்தில் தடை, ஆனால் அயர்லாந்தில் தடை இல்லை, பிரான்சிலும் இல்லை. 2007 அக்டோபர் 7ந் தேதி பாரிசில் ஐரோப்பாவிலேயே பெரிய பந்தயமான ஆர்க் என்ற பந்தயத்தில் அதே ஃபாலன் டிலன் தாமஸ் என்ற குதிரைமேல் ஏறி ஜெயித்தார். மறுநாள் லண்டனில் குற்றவாளிக் கூண்டில் போய் நின்றார். ஞாயிற்றுக்கிழமை கடலுக்கு அந்தப்புறத்தில் நாணயஸ்தன். திங்கட்கிழமை இந்தப்புறத்தில் மோசக்காரன்! எல்லையைத் தாண்டினால் ஒரு மனிதனின் யோக்கியதை மாறுமா? அக்கிரகாரத்துத் தெருவில் தீட்டு, அடுத்த தெருவில் தீட்டில்லை என்பதற்கும் இதற்கும் என்ன பேதம்?

முடிவு என்ன ஆயிற்று? 2007 டிசம்பர் 7ந் தேதி, எதிரிகள் பதில் சொல்லவேண்டிய அளவுக்கு வழக்கே இல்லை என்று சொல்லி நீதிபதி அத்தனை பேரையும் விடுதலை செய்யச் செய்தார். பந்தய நிபுணர் என்று ஆஸ்திரேலியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட சாட்சி, இங்கிலாந்தின் பந்தய விதிகள் தமக்குத் தெரியாது என்று கூண்டிலேயே ஒப்புக்கொண்டார். தோற்க விட்டதாகச் சொன்ன பந்தயங்களில் ஃபாலன் வழக்கத்தைவிட அதிகமாகவே ஜெயித்திருந்தார் என்பதும் வெளிப்பட்டது! பதினேழு மாதம் ஒருவனுடைய பிழைப்பில் மண்ணைப் போட்டபிறகு, “நீ குற்றவாளி அல்ல, போ” என்று சொன்னால் போன பதினேழு மாதத்தை யார் கொடுப்பது? பின்னால் அவர் போதை மருந்து சாப்பிட்டதற்காக 18 மாதம் தடை பெற்றார் என்பது உண்மை. அது வேறு குற்றம், வேறு தண்டனை. அதைக் காட்டி முன்னதை நியாயப்படுத்த முடியாது.

இதற்கு எதிராக இன்னொரு சங்கதியையும் சொல்லிவிடுவது யோக்கியமாகும். 2009ல் நடந்த சில பந்தயங்களைப்பற்றி அதே நாட்டு அதிகாரிகள், யார் யார் எந்தக் குதிரை தோற்கும் என்று பணம் கட்டினார்கள் என்ற கணக்குகளை வரிவரியாகப் பார்த்து விசாரித்தார்கள். 2011 டிசம்பரில் இரண்டு குதிரைச் சொந்தக்காரர்களுக்கு 14 வருஷமும், இரண்டு ஜாக்கிகளுக்கு 12 வருஷமும் தடை விதித்தார்கள். கணக்கைப் பார்த்தார்கள், பிறகு தண்டித்தார்கள், சொந்தக்காரனுக்கு இரண்டு வருஷம் அதிகமாகவே கொடுத்தார்கள். முன்னது பரபரப்பு, பின்னது விசாரணை. நாம் வேண்டுவது பின்னதைத்தான்.

விலக்கி வைத்தால் பந்தயம் சுத்தமாகுமா?

தோழரின் இரண்டாவது கேள்விக்கு வருவோம். ஒரு ஜாக்கியை விலக்கினவுடன் பத்திரிகைகளில் பெரிய எழுத்தில் செய்தி வருகிறது. “பார்த்தாயா, பந்தயம் இனிச் சுத்தம்” என்று பணம் கட்டுகிறவன் சந்தோஷப்படுகிறான். மறு வாரம் இன்னும் நூறு ரூபாய் சேர்த்துக் கட்டுகிறான். உண்டியலில் கை வைத்த ஒரு பூசாரியை நீக்கிவிட்டால், கோயிலே பரிசுத்தமாகிவிட்டது என்று அடுத்த நாள் இரட்டிப்புக் காணிக்கை போடுகிறானே பக்தன், அவனுக்கும் இவனுக்கும் வித்தியாசம் உண்டா? பூசாரி திருடாவிட்டாலும் உண்டியலில் போட்ட பணம் பக்தனுக்குத் திரும்பப் போவதில்லை. ஜாக்கி யோக்கியனாயிருந்தாலும் பந்தயத்தில் கட்டின பணம் கூட்டத்துக்குத் திரும்பப் போவதில்லை.

எப்படி என்று கேட்டால் சொல்கிறோம். கட்டின தொகையிலிருந்து பந்தயம் நடத்துகிறவன் தன் பங்கை எடுத்துக்கொள்கிறான். சர்க்கார் தன் வரியை எடுத்துக்கொள்கிறது. 2023 அக்டோபர் முதல் கட்டுகிற முழுத் தொகைக்கும் நூற்றுக்கு 28 வீதம் ஜி.எஸ்.டி. என்றார்கள், 2025 செப்டம்பர் 22 முதல் நூற்றுக்கு 40 ஆக்கினார்கள். இத்தனையும் போக மிச்சத்தைத்தான் ஜெயித்தவர்கள் பங்கிட்டுக்கொள்ளவேண்டும். இந்தக் கணக்கைப் போடத் தெரிந்தவன் பணம் கட்டுவானா? ஆனால் அவன் போடுகிற கணக்கு வேறு. பிறந்த தேதியைக் கூட்டிக் குதிரை நம்பரைப் பார்க்கிறான். ராகு காலம் கழித்துச் சீட்டு வாங்குகிறான். ஜெயித்தால் முருகன் செயல், தோற்றால் ஜாக்கி செயல் என்கிறான். ஜாக்கியைத் திட்டுகிறவரைக்கும் அவனுக்குத் தன் புத்தியைத் திட்டிக்கொள்ள அவகாசம் கிடைப்பதில்லை. ஆகவே ஜாக்கியை விலக்கும் ஒவ்வொரு செய்தியும் பந்தயத்துக்கு ஒரு விளம்பரமாகவே முடிகிறது.

இன்னொன்று. வரி ஏற ஏற, பணம் கட்டுகிறவன் மைதானத்தை விட்டுத் திருட்டுப் புக்கியிடம் போகிறான். அங்கே வரி இல்லை, ரசீதும் இல்லை, கணக்கும் இல்லை. கணக்கு இல்லாத இடத்தில் எந்தக் களவையும் கண்டுபிடிக்க முடியாது. 2011ல் சீமையில் குற்றவாளிகள் பிடிபட்டதெல்லாம் கணக்கு இருந்ததனால்தான். இங்கே கணக்கைத் தேடாமல் கடிவாளத்தை மாத்திரம் பார்த்தால் என்ன அகப்படும்? ஒரு ஜாக்கி அகப்படுவான், அவ்வளவுதான்.

நம் நாட்டுச் சட்டத்தின் இரண்டு நாக்கு

நமது மாகாணத்திலே சூதாட்டம் என்றைக்கும் குற்றம். ஆனால் யாருக்குக் குற்றம்? 1888ம் வருஷத்துச் சென்னை நகரப் போலீஸ் சட்டமும், 1930ம் வருஷத்துச் சூதாட்டச் சட்டமும், வேலமரத்தடியில் சீட்டாடினவனைப் பிடித்தன. சேவற்கட்டில் பத்து ரூபாய் கட்டினவனைப் பிடித்தன. பந்தய மைதானத்தில் ஒதுக்கிய அடைப்புக்குள் குதிரைமேல் ஆயிரம் கட்டின கனவானை மாத்திரம் தொடாமல் விட்டன. ஒரே செய்கை, குடியானவன் செய்தால் சூது, கனவான் செய்தால் பொழுதுபோக்கு. குலத்துக்கொரு நீதி என்பது சாஸ்திரத்தில் மாத்திரமா இருக்கிறது?

இந்த விலக்கை எடுத்துவிட 1949ல் ஒரு திருத்தச் சட்டம் செய்தார்கள். செய்து, 1975 வரையில் அதை அமுலுக்குக் கொண்டுவராமல் தூங்க வைத்தார்கள். சுயமரியாதை இயக்கத்தில் வளர்ந்தவரான மு. கருணாநிதி முதல் மந்திரியாயிருந்தபோது, 1974ல்தான், குதிரைப் பந்தயத்தை ஒழிப்பதற்கென்றே தனிச் சட்டம் வந்தது. பந்தயச் சங்கத்தார் நீதிமன்றத்துக்குப் போனார்கள். வழக்கு இருபது வருஷத்துக்குமேல் நடந்து, 1996 ஜனவரி 12ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு, குதிரைப் பந்தயம் அதிர்ஷ்டத்தைப் பொறுத்ததல்ல, பெரும்பாலும் திறமையைப் பொறுத்தது. ஆகையால் அது சூதாட்டச் சட்டத்துக்குள் வராது என்று தீர்ப்புச் சொல்லிவிட்டது.

தீர்ப்பை நாம் மதிக்கிறோம். ஆனால் அதன் காரணத்தைக் கொஞ்சம் யோசிக்க நமக்கு உரிமையுண்டு. குதிரையின் வம்சமும், பழக்குகிறவனின் பழக்கமும், ஜாக்கியின் சாமர்த்தியமும் திறமை என்றே வைத்துக்கொள்வோம். பணம் கட்டுகிறவனிடம் என்ன திறமை இருக்கிறது? அவன் குதிரை ஏறினானா, கொள்ளு வைத்தானா? பிறனுடைய திறமையை அவன் ஊகிக்கிறான். அந்த ஊகமே திறமை என்றாலும், ஜாக்கி விலை போகக்கூடியவன் என்று சங்கத்தாரே அடிக்கடி விலக்கு உத்தரவு போடுவதால், இன்றைய பந்தயத்தில் கடிவாளம் விற்கப்பட்டிருக்கிறதா இல்லையா என்பதையும் அவன் ஊகிக்கவேண்டும் அல்லவா? அதை எந்தத் திறமையால் ஊகிப்பது? அது திறமையல்ல, குருட்டு அதிர்ஷ்டம். ஆகவே ஒவ்வொரு விலக்கு உத்தரவும், “இது திறமை விளையாட்டு” என்று சங்கத்தார் கோர்ட்டில் சொன்ன வாதத்துக்கு அவர்களே எழுதிக்கொடுக்கும் எதிர்வாதமாகும்.

அன்றியும், சங்கத்தாரின் அந்தஸ்தைப் பாருங்கள். சென்னை கிண்டியில் 160 ஏக்கர் சர்க்கார் நிலம், 1945 முதல் 99 வருஷக் குத்தகைக்கு, வருஷத்துக்கு 614 ரூபாய் சில்லறை வாடகையில் அவர்களிடம் இருந்தது. ஏக்கருக்கு நாலு ரூபாய்கூட ஆகவில்லை! கிணத்துக்கடவில் ஒரு ஏக்கர் மேட்டாங்காட்டை வருஷத்துக்கு நாலு ரூபாய்க்கு யாராவது குத்தகைக்கு விடுவார்களா என்று தோழர்கள் விசாரித்துப் பார்க்கட்டும். 1970 முதல் வாடகையை உயர்த்தினதில் நின்றுபோன பாக்கி 730 கோடி ரூபாய்க்குமேல் என்று கணக்காகி, அதைக் கட்டும்படி 2023 மார்ச்சில் சென்னை ஹைகோர்ட்டு உத்தரவிட்டது. 2024 ஜூனில் உதகைப் பந்தய மைதானத்தின் 52 ஏக்கரையும், செப்டம்பர் 9ந் தேதி கிண்டி நிலத்தையும் சர்க்கார் எடுத்துக்கொண்டது. பின்னும் வழக்குகள் நடந்தன. கோடிக்கணக்கில் பாக்கி வைத்த கனவான்கள் அரை நூற்றாண்டு வாய்தா வாங்கலாம். கடிவாளத்தை இழுத்ததாகச் சந்தேகப்பட்ட ஜாக்கிக்கு ஒரு வாரம்கூட வாய்தா இல்லை. இதுதானே வருணாசிரமம்?

வேண்டியது என்ன?

ஒரு சர்க்கார் குமாஸ்தாவை லஞ்சக் குற்றத்துக்காக வேலையிலிருந்து தற்காலிகமாக விலக்கினால், விசாரணை முடிகிறவரையில் அவன் குடும்பம் பட்டினி கிடக்காதபடி சம்பளத்தில் ஏறக்குறைய ஒரு பாதியைப் பிழைப்புப் படியாகக் கொடுக்கிறார்கள். ஜாக்கிக்கு ஏன் அது கூடாது? ஒரு சங்கம் விலக்கினால் மற்றச் சங்கங்களும் அதை ஏற்றுக்கொள்வது நம் நாட்டு வழக்கம். ஆதலால் சென்னையில் விலக்கப்பட்டவன் பெங்களூரிலும் கல்கத்தாவிலும் பிழைக்க முடியாது. அவனுக்கு வேறு தொழிலும் தெரியாது. ஆகையால், பந்தயம் இருக்கிறவரையில் கீழ்க்கண்டபடி நடக்கவேண்டும் என்கிறோம்.

குற்றச்சாட்டுப் பலமாக இருந்தால் விலக்கி வைக்கலாம். ஆனால் அதற்கு ஒரு தவணை இருக்கவேண்டும். அந்தத் தவணைக்குள் விசாரணை முடியவேண்டும். அதுவரையில் பிழைப்புப் படி கொடுக்கவேண்டும். விசாரிக்கிறவர்கள் பந்தயச் சங்கத்து அங்கத்தினர்களாக இருக்கக்கூடாது. குதிரை வைத்திருப்பவர்களின் சினேகிதர்களே குதிரை ஓட்டுகிறவனுக்கு நீதிபதியாவது, மிராசுதார் சங்கம் பண்ணையாளுக்குத் தீர்ப்புச் சொல்வது போலாகும். விசாரணை பகிரங்கமாக நடக்கவேண்டும். அந்தக் குதிரையின்மேல் யார், எவ்வளவு, எப்பொழுது கட்டினார்கள் என்ற கணக்கு முதலில் வெளியே வரவேண்டும். ஜாக்கியை விலக்கும் நாளிலேயே அந்தக் குதிரையின் சொந்தக்காரரையும் பழக்கினவரையும் விலக்கவேண்டும். சட்டப் புத்தகத்தில் அவர்களுக்கும் தண்டனை எழுதியிருக்கிறது என்பது நமக்குத் தெரியும். புத்தகத்தில் எழுதியிருப்பது நடப்பில் வரவேண்டும் என்றுதான் கேட்கிறோம். குற்றமில்லை என்று முடிந்தால், விலக்கின செய்தியை எவ்வளவு பெரிய எழுத்தில் போட்டார்களோ அவ்வளவு பெரிய எழுத்தில் அதையும் போட்டு, நஷ்டஈடும் கொடுக்கவேண்டும்.

இது பந்தயம் இருக்கிறவரையில். பந்தயம் ஒழியும்போது என்ன செய்வது என்பதையும் இப்பொழுதே யோசிக்கவேண்டும். நமது தமிழர் பலர் வாழும் சிங்கப்பூரில், 1842ல் தொடங்கின பந்தயச் சங்கம் 2024 அக்டோபர் 5ந் தேதி கடைசிப் பந்தயம் ஓடி முடிந்தது. வீடு கட்ட நிலம் வேண்டும் என்று சர்க்கார் ஒரு வருஷத்துக்கு முன்பே அறிவித்து மைதானத்தைத் திரும்பக் கேட்டுவிட்டது. மக்காவிலும் அதே வருஷம் ஏப்ரலில் பந்தயம் நின்றது. வானம் இடிந்து விழவில்லை. ஆனால், லாயத்துக் கூலிக்காரனுக்கும், குதிரைக்காரனுக்கும், ஜாக்கிக்கும் வேறு வேலை காட்டாமல் பந்தயத்தை மூடினால், சூதை ஒழித்ததாகாது, ஏழையை ஒழித்ததாகும்.

கடைசியாகக் கிணத்துக்கடவுத் தோழர்களுக்கு ஒரு வார்த்தை. நமது பக்கத்து ரேக்ளாவில் காளை ஓடுகிறது, வேடிக்கை பார்க்கிறோம். காளைக்குச் சித்திரவதை இல்லாமல், பணம் கட்டாமல் நடக்கிறவரையில் அது வேடிக்கை. ஒருவன் அதன்மேல் பணம் கட்ட ஆரம்பித்த அன்றைக்கே வண்டி ஓட்டுகிறவனை விலை பேச இன்னொருவன் வந்து சேருவான். பணம் கட்டுகிற கை இருக்கிறவரையில் கடிவாளத்தை விற்கிற கை இருந்தே தீரும். ஜாக்கியைத் திருத்துவது சங்கத்தாரின் கையில் இருக்கிறது. பணம் கட்டாமலிருப்பது நமது கையிலேயே இருக்கிறது. இரண்டில் எது சுலபம் என்பதைத் தோழர்களே யோசித்து முடிவு செய்யும்படி கேட்டுக்கொள்கிறோம்.